இருபத்திமூணு வரி

பையை மடில வெச்சுக்கோங்க அம்மிணி. கீழ வெச்சா சூலூர் போறதுக்குள்ள மிதிச்சே கொன்னுபோடுவாங்க. நீங்க ஜன்னலுக்குப் போயிருங்க, எனக்குக் காத்தடிச்சா காது குத்தும். கரூருக்குத்தானுங்களே? நெனச்சேன். இந்த வண்டில ஏறுறவங்க முக்காவாசி கரூருதான். மூணு மணி நேரம் பேச்சுத் துணைக்கு ஆச்சு. துணைன்னு சொல்றேனே ஒழிய, நான் அதிகம் பேசறவ இல்லீங்க. எங்கூட்டுல என்ற மாமியாதான் பேசுவா. கீரைக்காரி வந்தா ஒரு கட்டுக் கீரைக்கு ஒரு நாளுப் பேச்சு. அது இருக்கட்டும்.

இந்தக் கவரைத்தான் பாக்கறீங்களா? கசங்காமக் கொண்டுபோயிச் சேக்கோணும். நாப்பத்தோரு பக்கம். என்ற பையன் சென்னியப்பன் எழுதுனது. அவன் பொண்ணு மகிழினிக்குக் கொண்டுபோறேன், ஒம்பதாவது படிக்கறா. சென்னியப்பன்னா பழைய பேரா இருக்குதேன்னு பாக்காதீங்க, அவுங்க தாத்தா பேரு. பள்ளிக்கூடத்துல கேலி பண்ணுனாங்கன்னு ஒரு நாள் அழுதுட்டு வந்தான். "தாத்தா பேரச் சொல்லி அழுவியாடா"ன்னு ஒரு அதட்டு. அவ்வளவுதான், அப்பறம் அழுததே இல்ல.

கதை எழுதறவனான்னு கேக்க வர்றீங்க. இல்லீங்க, கம்ப்யூட்டர்க்காரன். நானும்தான். ஆமாங்க, இந்தக் கெழவிதான். நான் கணக்கு படிச்சவ. எண்பத்தொண்ணுல எங்க மில்லுல கம்ப்யூட்டர் எறக்குனாங்க. செருப்பக் கழட்டிப்போட்டுத்தான் அந்த ரூமுக்குள்ள போகோணும், கோயிலாட்ட. அதுக்கு ஏசி, எங்களுக்கு விசிறி கூடக் கெடையாது. மில்லு மூடுனப்பறம் நானும் எங்கூட்டுக்காரரும் கணபதிங்கற எடத்துல மாடில ரெண்டு ரூம் புடிச்சு, எடை மேடைக்குப் புரோகிராம் எழுத ஆரம்பிச்சோம். லாரிய ஏத்தி நிறுத்தி எடை போடுவாங்கள்ல, ரோட்டோரத்துல? சுமையோட ஒரு எடை, வெறும் வண்டியா ஒரு எடை, கழிச்சா சரக்கு. சுலுவுன்னு நெனைப்பீங்க. முப்பது வருசமா அதத்தான் பண்ணறோம், இன்னும் முடியல.

எங்கூட்டுக்காரரு தவறிப்போனப்பறம் நானும் சென்னியும்தான். கூட மூணு நாலு பேரு வருவாங்க, போவாங்க. நான் ஆபீசுல உக்காந்து பாப்பேன். அவன் மேடை மேடையாப் போயிப் பாத்துப்போட்டு வந்து எழுதுவான். போனா ஒரு நாளெல்லாம் லாரிக்காரங்களோட டீ குடிச்சுட்டு உக்காந்திருப்பானாம். அங்க பேசுவானாம்! எனக்கு அப்பறமா ஆரோ சொல்லித்தான் தெரியும். எங்கிட்ட "செரிங்மா", "வரேங்மா", அவ்வளவுதான்.

சுபாவமே அப்பிடிங்க. மருமக தமயந்தி என்ன சொன்னா தெரியுங்களா? "அத்தை, அவரு ஒரு பேச்ச ஆரம்பிச்சா நீங்க முடிச்சு வெச்சுருவீங்க"ன்னு. பெத்தவளுக்குத் தெரியாதுங்களா அவன் என்ன சொல்ல வரான்னு? பாவம், அவன் இழுத்துட்டு நிக்கறதுக்குப் பதிலா நான் சொல்லிப்போடறது. ஒத்தாசைதானுங்களே அது?

என்னுங்க? இருங்க இருங்க, முடிச்சுப்போடறேன்.

புரோகிராம்ல கமெண்ட்டுன்னு ஒண்ணு உண்டு. முன்னால ஒரு குறியப் போட்டுட்டா கம்ப்யூட்டர் அத படிக்காது, தாண்டிப் போயிரும். அது மனுசன் படிக்கறதுக்கு. பின்னால வர்றவனுக்கு இன்னது எதுக்குன்னு எழுதி வெக்கறது. எல்லாரும் இங்கிலீசுல ரெண்டு சொல்லு எழுதுவாங்க. இவன் தமிழ்ல எழுதுவான். அதுவும் எப்பிடி? இருங்க, மொதப் பக்கத்தையே படிக்கறேன். எனக்கு மனப்பாடம், இருந்தாலும் பாத்துப் படிக்கறேன்.

"தாராபுரம் மேடை. மத்தியானம் வெயிலுக்கு ரெண்டு ஆடு ஏறிப் படுத்துக்கும். அதனாலதான் பூச்சியமாக்கறதுக்கு முன்னால மூணு நிமிசம் பொறுக்கறது. ஆட்டை எழுப்பச் சொல்லாதீங்க. அதுவே போயிரும்."

சிரிக்கறீங்க பாருங்க. பூச்சியமாக்கறதுன்னா, மேடை வெறுமையா இருக்கறப்ப மிசினு அத சைபர்னு வெச்சுக்கறது. இன்னொண்ணு. "மழைல தார்ப்பாய் மேல தண்ணி நிக்கும். எடை கூடக் காட்டுனா டிரைவர் பொய் சொல்றாருன்னு அர்த்தமில்ல." இது எனக்கு: "இந்த எடத்துல கை வெக்காதீங்க. அம்மா எழுதுனது. ஏன்னு புரியல, ஆனா முப்பது வருசமா தப்புனதில்ல." ஏன்னு புரியலையாம்! கேட்டாச் சொல்ல மாட்டனா நானு? கேக்கவே மாட்டான்.

இது மகிக்குன்னு தனியா மடிச்சு வெச்சிருக்கேன். "இன்னைக்கு மகிக்கு மொதப் பல்லு விழுந்துருச்சு. மிச்சத்த நாளைக்குப் பாக்கறேன்." லாரி எடை போடற புரோகிராமுக்கு நடுவுல இது.

அப்ப எனக்குக் கோவந்தான் வரும். ஊட்டுல பேசாதவன் கம்ப்யூட்டருக்குள்ள எதுக்குடா பேசறேன்னு. செரி, கெடந்துட்டுப் போகுதுன்னு விட்டிருந்தேன். போன வருசம் ஆடி பொறந்தன்னிக்குப் பெங்களூர்ல இருந்து ரெண்டு பேரு வந்தாங்க. பெரிய கம்பெனி. எங்க புரோகிராமையே வாங்கிக்கறோம், உள்ள எப்பிடி எழுதியிருக்கீங்கன்னு பாக்கோணும்னாங்க. தொறந்து காட்டுனேன். ஒருத்தனுக்குத் தமிழ் தெரியும் போல. ஆட்டைப் படிச்சான், பல்லைப் படிச்சான், மத்தவங்கிட்டச் சொன்னான். ரெண்டு பேரும் சிரிச்சுட்டு, "மேடம், இது புரோகிராமா, டைரியா?"ன்னாங்க. நானும் சிரிச்சேன். சிரிக்காம என்ன பண்றது, வந்தவங்க முன்னால? சென்னி பிஸ்கட் தட்டோட நின்னுட்டிருந்தான். தட்ட வெச்சுப்போட்டுப் போனான்.

அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். எங்க ஆபீசுல பெனாசிர்னு ஒரு புள்ள. போத்தனூரு. கெட்டிக்காரி, ஆனா மெல்லப் பேசுவா, காதைக் கிட்டக் கொண்டுபோகோணும். அவளக் கூப்பிட்டு, "உள்ள சேர்றதுக்கு முன்னால தானாச் சோதிக்கற ஏற்பாடு ஒண்ணு இருக்குதே, அதப் போடு"ன்னேன்.

உங்களுக்குப் புரியறாப்பல சொல்றேன். நாங்க அஞ்சு பேரும் தனித்தனி மிசின்ல எழுதறோம். எழுதுனது எல்லாம் பொதுவா ஒரு எடத்துல சேரோணும். சேத்தறதக் கமிட்டுன்னு சொல்லுவோம். ஒருதரம் சேந்துட்டா அது போகவே போகாதுங்க. நாளைக்கு அழிச்சாலும், நேத்து என்ன இருந்துச்சுன்னு தோண்டி எடுத்துரலாம். ஆரு எழுதுனா, என்னிக்கு, எத்தன மணிக்கு, எல்லாம் நிக்கும். அதனால தப்பு உள்ள வர்றதுக்கு முன்னாலயே நிறுத்திப்போடோணும். மில்லு கேட்டுல பொம்பளைங்களச் சோதிச்சு அனுப்புவாங்க பாருங்க, மடில பஞ்சு கிஞ்சு இருக்குதான்னு? அங்க வெளிய போறப்ப. இங்க உள்ள வர்றப்ப.

பெனாசிர் ரெண்டு நாள்ல போட்டுட்டா. எடவெளி சரியா இருக்குதா, கடவுச்சொல்லு ஏதாச்சும் மறந்து உள்ள கெடக்குதா, எல்லாம் பாக்கும். கடைசியா, "தமிழெழுத்து இருக்கற கமெண்ட்டு வரியும் வரக்கூடாது"ன்னேன். அவ கேட்டா, "மேடம், நிறுத்தி எச்சரிக்கை பண்ணுனாப் போதுமா, இல்ல தானா அழிச்சுப்போடறதா?"

"அழிச்சுரு"ன்னேன்.

ஒரே சொல்லுங்க. அப்ப அடுப்புல குழம்பு கொதிக்குதுன்னு ஊட்டுக்குக் கெளம்பற அவசரம் வேற. நின்னு யோசிக்கல. "எத்தன வரி அழிச்சேன்னு கணக்கு மட்டும் எழுதி வெக்கட்டுங்களா?"ன்னா. வெச்சுக்கோன்னேன். உள்ள முன்னாலயே கெடந்த தமிழ் வரியும் அதோட அழிஞ்சுது.

மறுநாளு சென்னி வந்து என்ற மேசைகிட்ட நின்னான். "அம்மா, நான் எழுதுனது..."ன்னான். "பெங்களூர்க்காரங்க மறுக்கா வருவாங்க கண்ணு, சுத்தமா இருக்கட்டும்"ன்னேன். "செரிங்மா"ன்னு போயிட்டான். அவ்வளவு சுலுவாப் போனான்னா அவனுக்கும் சம்மதம்னுதானுங்களே அர்த்தம்?

பெங்களூர்க்காரங்க அப்பறம் வரவே இல்ல. போனும் எடுக்கல. அது வேற.

ஆவணில ஒரு கூத்து. புதுசா வந்த தம்பி ஒருத்தன் தாராபுரம் புரோகிராமத் தொட்டான். இது எதுக்கு மூணு நிமிசம் சும்மா நிக்குதுன்னு அதத் தூக்கிப்போட்டான். எதுக்குன்னு எழுதியிருந்த வரிதான் அழிஞ்சு போச்சே. மத்தியானம் ஆடு ஏறிப் படுத்திருக்க, மிசினு அந்த எடையோட பூச்சியம் பண்ணிக்கிச்சு. காத்தால வெறும் வண்டியா எடை போட்டுட்டுப் போயி, அப்பறம் சுமையோட வந்த லாரிக்கெல்லாம் ஆட்டு எடை கொறையுது. மேடைக்காரரு போன்ல என்னை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாரு. நான் சென்னியப் புடிச்சுக்கிட்டேன். "தெரிஞ்சவன் வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன? இத்தன வருசமா எங்கிட்ட ஏதாச்சும் சொல்லியிருக்கறயாடா நீ?" ஆபீசே பாத்துட்டிருந்துச்சு. "எழுதி வெச்சிருந்தேங்மா"ன்னான். "எங்க? காட்டு"ன்னேன்.

அவன் என்னப் பாத்தான். கோவமாப் பாக்கலீங்க. எப்பிடிச் சொல்றது, லாரி மேடைல ஏறி நின்னதும் முள்ளு ஆடி ஆடி நிக்கறவரைக்கும் பொறுத்துப் பாப்பாங்கள்ல, அப்பிடி. அப்பறம் தாராபுரத்துக்கு பஸ் ஏறிட்டான்.

கார்த்திகைல... இருங்க. எங்க எந்திரிக்கறீங்க? பல்லடந்தானுங்களே இது, அஞ்சு நிமிசம் நிக்கும். தண்ணியா? என்ற கிட்ட இருக்குது, இந்தாங்க, சீரகம் போட்டுக் காய்ச்சுனது. உக்காருங்க கண்ணு. இத நான் ஆருகிட்டயும் முழுசாச் சொன்னதில்ல. உக்காருங்க.

கார்த்திகை பதினொண்ணு. காத்தால வெள்ளகோயில் மேடைக்குப் போயிருந்தான். டீக்கடைல டம்ளரக் கீழ வெச்சானாம், அப்பிடியே பெஞ்சுல சாஞ்சானாம். டிரைவரு ஒருத்தரு லாரியவே திருப்பிப்போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டியிருக்காரு. காப்பாத்த முடியல. நாப்பத்தி நாலு வயசு. நாங்க போறப்ப ஆஸ்பத்திரி வாசல்ல பதினஞ்சு இருவது லாரிக்காரங்க நிக்கறாங்க. ஆருன்னே எனக்குத் தெரியல. ஒருத்தரு வந்து, "உங்க பையன் நல்லாப் பேசுவாருங்கம்மா"ன்னாரு. வேற ஆரையோ சொல்றாருன்னுதான் நெனச்சேன்.

கையப் புடிச்சுக்கறேன், தப்பா நெனச்சுக்காதீங்க.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு மறுநாளே ஆபீசுக்குப் போனேன். ஊட்டுல உக்காந்து என்ன பண்றது? அவன் மிசினு மேசைமேல அப்பிடியே கெடந்துச்சு. பாக்க முடியலீங்க. சுத்தமாத் தொடச்சு அந்தப் புதுத் தம்பிக்குக் குடுத்துருங்கன்னேன். பெனாசிர் வந்து கதவோரம் நின்னா. "மேடம், அண்ணன் மிசின்ல..."ன்னா. "தொடச்சாச்சா இல்லியா, அத மட்டும் சொல்லு"ன்னேன். "தொடச்சர்றேன் மேடம்"னு போயிட்டா.

தை பொறந்து தமயந்தி பொண்ணக் கூட்டிட்டுக் கரூருக்கு, அவுங்கம்மா ஊட்டுக்குப் போயிட்டா. எனக்கும் அவளுக்கும் சண்டையில்ல. அங்க பள்ளிக்கூடம் நல்லா இருக்குதாம். மகி போன்ல கேட்டா, "அப்பத்தா, அப்பா எழுதுனது எதாச்சும் இருக்கா? ஒரு லெட்டரு, ஒரு நோட்டு, எதாச்சும்"னு. அப்பத்தான் எனக்கு அந்தப் பல்லு ஞாபகம் வந்துச்சு. பெனாசிரக் கூப்பிட்டு, பழசெல்லாம் தோண்டி எடு புள்ளன்னேன். சேந்தது போகாதுன்னு சொன்னேனுல்ல? அத்தனையும் வந்துச்சு. இந்த நாப்பத்தோரு பக்கம். நான் ஒரு ராத்திரில படிச்சேன். எத்தன ஊரு, எத்தன லாரி, எத்தன மழை. நடுநடுவுல தமயந்தி இருக்கா, மகி இருக்கா. நான் பதினேழு எடத்துல இருக்கேன்.

ஆனா கடைசிப் பக்கம் ஆடி மூணாந்தேதியோட நிக்குது. "மிச்சம் எங்க புள்ள? கார்த்திகை வரைக்கும் எழுதியிருப்பானே"ன்னேன். அவ தலையக் குனிஞ்சுட்டு நிக்கறா. "அதெல்லாம் உள்ள வரவே இல்ல மேடம். வாசல்லயே அழிஞ்சுருச்சு. வந்து அழிஞ்சிருந்தா எடுத்துரலாம்."

அப்பறம் சொல்றா: "சேத்தறதுக்கு எடுத்து வெச்சது அண்ணன் மிசின்லயே ஒரு மூலைல கொஞ்ச நாள் கெடக்கும் மேடம். அன்னிக்கு அதத்தான் சொல்ல வந்தேன்."

அந்தக் கணக்கையாச்சும் எடு புள்ளன்னேன்.

கணக்கு மட்டும் இருக்குது. என்ன எழுதுனான்னு இல்ல, எத்தன வரின்னு. பெனாசிர் எடுத்துக் குடுத்தா. ஆடி அஞ்சு, நாலு வரி. ஆடி ஒம்பது, ரெண்டு வரி. ஆவணில அந்த ஆட்டுச் சண்டைக்கு மறுநாளு, ஏழு வரி. அழிஞ்சு போகும்னு தெரிஞ்சே எழுதியிருக்கான், நாளுத் தவறாம. பெனாசிர் அவங்கிட்டச் சொன்னாளாம், "ஒரு சொல்லு சேத்து அடிச்சா அந்தச் சோதனையத் தாண்டிப் போயிரும்ணா, மேடத்துக்குத் தெரியாது"ன்னு. வேண்டாம்னுட்டானாம். "அம்மா போட்டது, இருக்கட்டும்"னானாம்.

கார்த்திகை பத்து, சாயங்காலம் ஆறேகாலு. இருபத்திமூணு வரி.

அது எந்தப் புரோகிராம்ல தெரியுங்களா? நான் எழுதுனது. மில்லுல இருந்து வந்த புதுசுல எழுதுன மொதப் புரோகிராம், கை வெக்காதீங்கன்னு சொன்னானே, அது. பத்து வருசமா அவன் அதத் தொட்டதில்ல. அன்னிக்கு அதுக்குள்ள போயி இருபத்திமூணு வரி எழுதியிருக்கான். வேற ஒரு மாத்தமும் பண்ணல. ஒரே ஒரு வெத்து வரி உட்டிருக்கான். அந்த வெத்து வரி மட்டுந்தான் உள்ள வந்து சேந்திருக்குது.

என்ன இருக்கப்போகுது, ஆடு மாடுதான் எழுதியிருப்பான். இல்ல, இத ஏன் இப்பிடிப் போட்டீங்கம்மான்னு கேட்டிருப்பான். நெஞ்சு வலின்னு எழுதியிருப்பானா? அப்பிடி இருக்காதுங்க. எங்கிட்டச் சொல்ல மாட்டானா? பெத்தவளுக்குத் தெரியாதுங்களா... தெரியலீங்க. இருபத்திமூணுல ஒரு வரிகூட என்னால முடிச்சு வெக்க முடியல.

அந்த ஏற்பாட்ட எடுத்துரட்டுங்களா மேடம்னு பெனாசிர் கேட்டா. எதுக்குப் புள்ள, இனித் தமிழ்ல எழுத ஆரு இருக்கான்னேன். அந்த வெத்து வரிய மட்டும் ஒருத்தரும் தொடக்கூடாதுன்னு சொல்லிப்போட்டேன். புதுத் தம்பி, காரணம் எழுதி வெச்சரட்டுங்களான்னான். எழுதாதேன்னேன்.

இப்ப இதக் கொண்டுபோயிக் குடுத்தா மகி ஒக்காந்து படிப்பா. படிச்சு முடிச்சுப்போட்டுக் கேப்பா, "ஆடிக்கப்பறம் அப்பா ஒண்ணுமே எழுதலியா அப்பத்தா?"ன்னு. அவங்கப்பன மாதிரி இல்லீங்க அவ, கேட்டுப்போடுவா. எழுதலைன்னு சொல்லிரலாம்னு சிங்காநல்லூர்ல ஏறறப்ப நெனச்சேன். அப்பிடிச் சொன்னா அவன் சும்மா இருந்துட்டான்னு ஆகுது. எழுதுனான் கண்ணு, நாந்தான் வாசல்ல நின்னு... எப்பிடிங்க சொல்றது பதினாலு வயசுப் புள்ளகிட்ட? அவ அம்மா வேற பக்கத்துல நிப்பா. நீங்க சொல்லுங்க. நீங்களா இருந்தா...

என்னுங்க?

எறங்கோணுமா? எங்க? பல்லடத்துலயா? ஐயோ, பல்லடம் போயி எத்தன நேரமாச்சு, பொங்கலூரே தாண்டப்போகுதே! ஏனுங்க அம்மிணி, கரூருன்னுதானே... அப்பவே ஒரு வார்த்த சொல்லக்கூடாதுங்களா?

சொன்னீங்களா?

எப்பங்க? எந்திரிச்சீங்களே, அப்பவா? அதுக்கு முன்னாலயுமா? ஏறுனப்பவேயா?

எத்தன தடவ சொன்னீங்க?

உக்காருங்க. நான் கண்டக்டர்கிட்டச் சொல்றேன், அவிநாசிபாளையத்துல நிறுத்துவாரு, எதுத்தாப்பல பஸ்ஸு வரும். இந்தக் கவரப் பைக்குள்ள வெச்சுப்போடறேன், இருங்க. ஆச்சு.

பல்லடத்துல ஆரு காத்துட்டிருக்காங்க? எதுக்குப் போறீங்க? மொதல்ல இருந்து சொல்லுங்க கண்ணு. நான் குறுக்க பேசலீங்க.

சொல்லுங்க.